நெல்லும் நகையும்: 'கடைசி விவசாயி' என்னும் திரைப்படம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

திருவொற்றியூர்த் திருக்கோயிலில் மாசிப் பெருவிழாவின்கண் மகிழடி சேவை நிகழ்கின்றது. அதற்கு அடிப்படையாகிய வரலாறு பெரியபுராணம் ஓதினோர் யாவரும் அறிந்ததே. சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டிய நிலையிலிருந்த நம்பியாரூரர், தாம் திருமுன்பு சூளுறும்பொழுது பெருமான் அங்கிராது மகிழமரத்தின்கீழ் எழுந்தருளுதல் வேண்டுமென விண்ணப்பித்துக்கொண்டார். தோழராகிய பெருமானும் அதற்கு உடன்பட்டார். உடன்பட்டவரே சங்கிலியார்பாற் கனவிற் சென்று, சூளினை மகிழின்கீழ்ப் பெறுக என்றும் அறிவித்தருளினார். தாம் விரித்த வலையிலே தாமே அகப்பட்ட அன்பரது நிலையைச் சேக்கிழார் பாடுமிடத்து, ஓதுவாருக்கு முறுவல் தோன்றாதிருத்தல் அரிது. ஆயினும் அம்முறுவலின் பின்னே நம்பியாரூரர் கண்ணிழந்து வருந்தும் பகுதியும் உளது. ஆகலின் அந்நகை வெறும் பொழுதுபோக்கன்று. ஓருயிரின் உள்ளே கிடந்த கோட்டத்தை வெளிப்படுத்துவது.

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் நகையையே முதற்கண் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினும் பிறக்கும் என்றார். இந்நான்கனுள் எள்ளல் ஒன்றே பிறரைத் தாழ்த்துவது. ஏனைய மூன்றும் அறியாமையின் வெவ்வேறு படிகள். உயிர் இயல்பாகவே அறியாமையோடு கூடியது என்னும் கொள்கையுடையார்க்கு இவை மூன்றும் புதியன அல்ல. எனவே சமயப்பொருள் நுவலும் ஒரு கதையில் நகை வரலாமோ என்பது வினாவன்று. எவ்வகை நகை வருகின்றது, அது எவர்மீது செல்கின்றது என்பவையே ஆராயற்பாலன.

தமிழ்ப் பேசும்படங்கள் தோன்றிய காலந்தொட்டே சிவனடியார் வரலாறுகள் அவற்றிற் காட்டப்பட்டு வந்தன. ஒற்றியூரில் அடங்கிய பட்டினத்தடிகளின் வரலாறு, தண்டபாணி தேசிகர் நடிப்பில் 1936-ஆம் ஆண்டிலேயே படமாயிற்று. அத்தகைய பழைய படங்கள் பலவற்றில், நகைச்சுவை கதையோடு ஒட்டாது, உணவினிடையே வைக்கும் ஊறுகாய்போற் றனியே வைக்கப்பட்டிருக்கும். என். எஸ். கிருஷ்ணன் 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் போக்கையே எடுத்துக்கொண்டு கிந்தன் கதையைப் பாடினார். தில்லையைக் காண விழைந்தவரின் இடத்திற் பள்ளிப் படிப்பை விழைந்த ஒருவன் அங்கே நின்றான். ஏ. பி. நாகராஜன் 1965-இல் ஆக்கிய 'திருவிளையாட'லில் தருமியாக நாகேஷ் நடித்த பகுதி இன்றும் மக்கள் நாவில் உலவுகின்றது. பரஞ்சோதி முனிவர் கூறும் தருமி, தாய்தந்தையரை இழந்து மணஞ்செய்துகொள்ளப் பொருள் வேண்டிய ஆதிசைவ இளைஞன். படத்தின் தருமியோ வறுமையால் நைந்த புலவன். மூலத்தினின்று இவ்வாறு விலகியது குறையெனின் குறையே. ஆயினும் இறைவன் தந்த பாடலைத் தன் பாடலென்று சொல்லி அவைக்கண் நிற்பவனது நடுக்கத்தை அந்நடிப்புப்போல் விளக்கியது பிறிதில்லை.

இவ்வரிசையில் வைத்து எண்ணற்பாலது, 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் வெளிவந்த 'கடைசி விவசாயி'. இதனை எழுதி இயக்கியவரும், ஒளிப்பதிவு செய்தவரும், தம் நிறுவனத்தின் வாயிலாகத் தயாரித்தவரும் மணிகண்டன் ஒருவரே. 'காக்கா முட்டை'யால் முன்னரே அறியப்பட்ட அவர், மதுரைக்கு மேற்கேயுள்ள தம் சொந்த உசிலம்பட்டி வட்டாரத்திலேயே இதனை எடுத்தார். பெயர்பெற்ற நடிகர் இருவர் மூவரை ஒழித்தால், திரையிற் றோன்றுவோர் பெரும்பாலும் அவ்வட்டார மக்களே. ஒரு குடும்பத்தார் தம் வீட்டு விழாவைத் தாமே கூடி நடத்துவதுபோல இப்படம் அமைந்துளது. தலைமைப் பாத்திரமாகிய மாயாண்டியாகத் தோன்றிய நல்லாண்டி என்னும் முதியவர், நடிப்புத் தொழில் அறியாத உழவர். படம் வெளிவருமுன்னரே அவர் மறைந்தார். 69-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் சிறந்த தமிழ்ப்படமெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மறைந்த அம்முதியவர்க்கும் சிறப்புக் குறிப்பு வழங்கப்பெற்றது.

கதை சிறிது. ஊரிலுள்ள பழைய மரமொன்றின்மேல் இடி விழுகின்றது. பல்லாண்டுகளாகக் குலதெய்வத்துக்கு விழா எடுக்காமையே அதற்குக் காரணமென ஊரார் கருதுகின்றனர். விழா எடுக்கவும் துணிகின்றனர். விழாவுக்கு ஊரின் ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் தொழிலின் பயனைக் கொணர்தல் வேண்டும். படையலுக்குரிய நெல், கடையில் வாங்கியதாக இராது அவ்வூர் நிலத்திலேயே விளைந்ததாக இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் ஊரார்க்கு ஓர் உண்மை புலனாகின்றது. நெல் விளைப்பார் எவரும் ஊரில் இல்லை. நிலத்தை விற்றார் பலர். தரிசாகப் போட்டார் சிலர். எண்பது கடந்த மாயாண்டி ஒருவரே உழுகின்றார். தெய்வத்தை நினைத்தவர்கள் தெய்வத்துக்குச் சோறளிக்கும் கையை மறந்திருந்தனர் என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிகின்றது. இப்படத்தின் நகை முழுதும் இம்மறதியினின்று பிறப்பது.

இடி விழுந்தமைக்குத் தெய்வத்தின் சினமே காரணமோ என்று வினவுவார் உளர். படம் அவ்வினாவுக்குள் நுழையவில்லை, நுழையாமை நன்றே. பகுத்தறிவுரை நிகழ்த்தவேண்டுமென்னும் ஆசையோ, அற்புதம் காட்டவேண்டுமென்னும் ஆசையோ தலையெடுத்திருப்பின் கதை அங்கேயே முறிந்திருக்கும். ஊரார் அஞ்சினர், அச்சத்தால் ஒன்றுகூடினர். ஒன்றுகூடிய பின்னரே தாம் இழந்தது இன்னதென அறிந்தனர். இவ்வளவே படத்துக்குப் போதுமானதாயிற்று.

மாயாண்டி விதை வாங்கக் கடைக்குச் செல்லும் காட்சியைத் தனித்துச் சொல்லுதல் தகும். அங்கே கடைக்காரர் வாயிலாக, உள்ளே விதையில்லாத தக்காளியைப் பற்றி அவர் கேள்வியுறுகின்றார். அதனை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. விதையைப் போக்கியவன் தன் மக்கட்பேற்றுக்கும் அவ்வாறே நேர்ந்தால் என் செய்வான் என்னும் கருத்துப்பட அவர் கூறும் விடை கேட்டு அரங்கு நகைக்கின்றது. மடன் காரணமாகப் பிறக்கும் நகை இது எனலாம். ஆயினும் மடன் எவர்பாலது? வித்தினின்று வித்துத் தோன்றி உலகம் தொடர்வதைக் கண்டு பழகியவர்க்கு, வித்தற்ற கனி பொருந்தாத் தன்மையதாய்த் தோன்றுதல் இயல்பு. வறுத்த வித்து முளையாதவாறுபோல ஞானத்தீயால் வெந்த வினை பிறவியைத் தாராது என்பர் சமயநூலார். அங்கே வித்தறுதல் வீடு. அங்காடியில் வித்தறுதலோ ஆண்டுதோறும் கடைவாயிலில் நிற்கும் அடிமைத்தனம். இவ்விரண்டையும் மாயாண்டி ஒருங்கே எண்ணியிருப்பார் என்று கொள்ளவேண்டுவதில்லை. அவருடைய எளிய சினமே அவ்வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றது.

நெல் ஒன்றைக் கொண்டே மும்மலத்தை விளக்குதல் சித்தாந்த நூலார் மரபு. நெல்லொடு உமியும் தவிடும் முளையும் உடன்றோன்றியவாறுபோல, உயிரொடு மலங்கள் தொன்மையே கூடியுள்ளன என்பர். நெல்லைக் கண்ணாற் கண்டறியாத தலைமுறை ஒன்று தோன்றிவிட்டால் இவ்வுவமை யார்க்குப் பயன்படும்? உவமை பொருளை விளக்க வந்தது. உவமையையே விளக்கவேண்டிய காலம் வந்துவிடின் பொருள் இன்னும் எட்டத்தே போய்விடும். சாத்திரம் ஓதுவிக்கும் ஆசிரியர்கள் இப்படத்தை மாணவர்க்குக் காட்டுதற்கு இஃதொன்றே போதிய காரணமாகும்.

நெல்லுக்கும் வழிபாட்டுக்கும் உள்ள இயைபு திருத்தொண்டர் வரலாறுகளிற் பலவிடத்தும் காணப்படும். இளையான்குடிமாற நாயனார், நள்ளிருளில் மழையிடை வந்த அடியாருக்கு அமுதளித்தற்பொருட்டு, அன்று பகல் விதைத்த வித்தினை வயலினின்று வாரிக்கொணர்ந்தார். அரிவாட்டாய நாயனாரோ செந்நெல்லரிசியும் கீரையும் மாவடுவும் நாடோறும் பெருமானுக்கு அமைத்தார். செல்வம் சுருங்கியபொழுதும் கூலிக்கு நெல்லரிந்து, செந்நெல்லைப் பெருமானுக்காக்கிக் கார்நெல்லைத் தாம் உண்டார். பின்னர் வயலெல்லாம் செந்நெல்லேயாக, அவர் கீரையுண்டு வாழ்ந்தார். ஒருநாள் கால் தளர்ந்து வீழ்ந்து படையற்பொருள் நிலவெடிப்பிற் சிந்தியபொழுது, ஆற்றாது தம் கழுத்தை அரியத் தொடங்கினார். அவ்வெடிப்பினின்று இறைவனது கை தோன்றிற்று. மாவடு கடிக்கும் ஓசையும் எழுந்தது. கழுத்தில் அரிவாள் இருக்க, நிலத்தின் உள்ளிருந்து ஊறுகாய் கடிக்கும் ஓசை கேட்பதாகப் பாடுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அழுகையும் நகையும் ஒரு நொடியிற் கூடுமிடம் அது. 'கடைசி விவசாயி' எட்ட முயல்வதும் அத்தகைய ஓரிடத்தையே.

இனி, வழக்குமன்றக் காட்சிகள். படத்தின் வலிமை முழுதும் இவற்றிலேயே உளது. மாயாண்டி தம் நிலத்தில் மயில்கள் இறந்துகிடக்கக் காண்கின்றார். முருகனது ஊர்தியாகிய பறவையை அவ்வாறே விட்டுச்செல்ல மனமின்றி மண்ணிற் புதைக்கின்றார். 1963 முதல் நாட்டுப்பறவையாகவும், 1972-ஆம் ஆண்டுக் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றதாகவும் உள்ளது மயில். எனவே கொன்றவர் என்று காவலர் அவர்மேல் வழக்குப் பதிகின்றனர். செவிப்புலன் சற்றுக் குறைந்த அம்முதியவர் மன்றில் நிற்கும் நிலையே நகைக்கு இடமாகின்றது. அவர்க்குத் தம் குற்றம் இன்னதென்பதிலும் தண்டனை இன்னதென்பதிலும் கருத்தில்லை. பயிர்க்கு நீர் பாய்ச்சுவார் யார் என்பதொன்றே அவர் கவலை. அவர் குற்றமற்றவர் என நடுவர் உணர்கின்றார். உணர்ந்தும், எழுதப்பட்ட வழக்கு எழுதப்பட்டதேயாகலின், அவரைக் காவலில் வைக்க வேண்டியவராகின்றார். அதனால் ஒரு காவலரையே பயிர்க்கு நீர் பாய்ச்சுமாறு பணிக்கின்றார். சட்டம் சீருடையணிந்து வரப்பில் நிற்கும் அக்காட்சியைக் கண்டு நகையாதார் இலர்.

இதனைத் திருவெண்ணெய்நல்லூர் அவையோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. அங்கும் ஒரு முதியவர் உளர். ஓர் ஓலை உளது. வழக்குத் தீர்க்கும் அவையும் உளது. மணப்பந்தரில் வந்து வழக்கிட்ட முதியவரைக் கண்டு நம்பியாரூரர் நகைத்தார்; பித்தன் என்று இகழ்ந்தார்; கைப்பற்றிய ஓலையைக் கிழித்தெறிந்தார். மூலவோலை காட்டப்பட்டபொழுது அவையத்தார் எழுத்தை ஒப்புநோக்கி முதியவர்க்கே தீர்ப்பளித்தனர். நகைத்தவர் அடிமையாயினார், நகைக்கப்பட்டவர் ஆண்டவராயினார். எழுத்து அங்கே மெய்ம்மையின் பக்கம் நின்றது. இப்படத்திலோ எழுத்து மெய்ம்மைக்கு எதிரே நிற்கின்றது. எழுதினவர் காவலர்; எழுதப்பட்டவர் எழுத்தோடு பெரிதும் பழகாத உழவர். நடுவரின் நெஞ்சு ஒருபுறமும் ஏடு ஒருபுறமும் இழுக்கின்றன. ஆயினும் இரண்டு மன்றங்களிலும் ஓரொற்றுமை உண்டு. முதியவரை நோக்கி நகைத்தவர்கள் இறுதியில் அந்நகையைத் தம்மீதே திருப்பிக்கொள்ள நேர்கின்றது. மாயாண்டியின் செவிட்டு விடைகளுக்கு முதலில் நகைத்த பார்வையாளர், சிறிது பொழுதிற்குள் செவிடு எவர்பாலது என எண்ணத் தலைப்படுகின்றனர்.

காவலரைப் பற்றிய வேடிக்கைகளிற் சில அளவிறந்தன என்பது மறுத்தற்கில்லை. ஒருமுறை கண்டு நகைத்ததனையே மறுமுறையும் காட்டுமிடங்களைக் குறைத்திருக்கலாம். நிலத்தை விற்று யானை வாங்கிய தடிக்கொழுந்து என்பவனது பகுதியும் நீட்சியுடையதே. ஆயினும் அதனிடத்தே ஒரு நுட்பம் உளது. மண்ணை விற்றுப் பெற்ற பொருளால் வாங்கிய விலங்கிற்கு நாடோறும் உணவு தேடி அலைகின்றான் அவன். உடைமை உடையானை உண்கின்றது என்பதனை உரைநூல்கள் பல பக்கத்திற் சொல்ல, யோகிபாபு ஒரு யானையின் அருகே நின்று சொல்லிவிடுகின்றார்.

ஆராய்ச்சிக்கு உரியதாய் எஞ்சுவது இராமையா என்னும் பாத்திரம். விஜய் சேதுபதி ஏற்றது இது. மணக்க இருந்த பெண்ணை இழந்து அறிவு திரிந்தவன் இராமையா. பைகள் பல சுமந்து, நெற்றியில் நீறு துலங்க, முருகன் பெயர் சொல்லித் திரிகின்றான். இறந்தவள் உடனிருப்பதாகவே எண்ணி அவளுக்கும் சேர்த்து உணவு கேட்கின்றான். முதலில் அவனைக் கண்டு நகைக்கும் பார்வையாளர், அவ்விரண்டாம் பங்கு உணவைக் கண்டதும் அடங்கிவிடுகின்றனர். கதையின் பிற்பகுதியில் அவன் மலைமேல் ஏறிச் சென்று மறைந்துபோகின்றான். மறைந்தவன் இறைவனைக் கூடினான் என்று கருதுமாறு காட்சி அமைக்கப்பட்டுளது.

ஞானநிட்டை கைவந்தோர் பாலர்போலும் பித்தர்போலும் பேயேறினார்போலும் ஒழுகுவர் எனச் சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்திற் கூறப்படும். இதனை மேற்கோளாகக் கொண்டு இராமையாவைச் சீவன்முத்தர் வரிசையில் வைத்துப் போற்றுவாரும் உண்டாகலாம். அது பொருந்தாது. ஞானியர் பித்தரை ஒப்பர் என்றமையால் பித்தரெல்லாம் ஞானியராகார். உவமையைத் தலைகீழாகத் திருப்புதல் தருக்க நெறிக்கு ஒவ்வாது. சித்தியார் கூறும் நிலை, யான் எனது என்னும் பற்று நீங்கியதனால் வருவது. இராமையாவின் நிலையோ ஒருத்திமேற் கொண்ட பற்று நீங்காமையால் வந்தது. அவன் சுமக்கும் பைகளே அதற்குச் சான்று. அப்பற்று எப்பொழுது முருகன்பால் திரும்பிற்று, திரும்பியபின் பைகள் என்னவாயின என்பவற்றைப் படம் இன்னும் பொறுமையோடு காட்டியிருத்தல் வேண்டும். உலகியற் காதல் முறுகி இறையன்பாய் மாறுதல் நிகழாதது அன்று. நிகழும் முறையைக் காட்டாது முடிவை மட்டும் காட்டினமையே ஈண்டுக் குறை. மலையின்மேல் நிகழும் மறைவு கண்ணுக்கு இனிது. ஆயினும் அது கதை தன் உழைப்பால் ஈட்டிக்கொண்ட பொருளன்று. எளிதிற் பெற்றதொரு கொடையாகவே நிற்கின்றது.

இதற்கு மறுமொழியாக ஒன்று சொல்லலாம். நம்பியாரூரர் பித்தன் என்று இகழ்ந்தவரே பித்தனென்னும் பெயரை விரும்பி ஏற்றார். ஆகலின் ஊரார் பித்தனென்று ஒதுக்கியவனைத் தெய்வம் ஏற்றுக்கொண்டதெனக் காட்டுதல் மரபுக்கு மாறன்று என்பர். மெய்யே. அருள் எவர்மேற் படியும் என வரையறுத்தல் எவராலும் ஆகாது. ஆனால் அருளின் உரிமையைக் காட்டிக் கதையின் குறையை மறைத்தலும் ஆகாது. புராணம் பாடியவர் அற்புதத்தைச் சொல்லுமுன் அடியாரது ஒழுக்கத்தை நாளும் நாழிகையுமாகச் சொல்லிவருவர். அரிவாட்டாயர் கீரை உண்ட நாள்களைச் சேக்கிழார் விடுத்திருப்பின், வெடிப்பினின்று எழுந்த ஓசை வெற்றோசையாயிருக்கும்.

அத்தகைய நாள்களைப் படம் மாயாண்டிக்கு அளித்துளது. விடியலில் எழுதல், மாடுகளை ஓட்டுதல், மடை திறத்தல், நாற்றினைப் பார்த்தல் என அவர் வாழ்வு நிதானமாக நகர்கின்றது. அவர் கடவுளைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. படையலுக்கு நெல் வேண்டுமென்று ஊரார் கேட்டனர், அவர் விதைத்தார். மன்றில் நிற்கும்பொழுதும் அவர் தம்மைப் பற்றிப் பேசுவதில்லை. மலத்தொடும் வினையொடும் உள்ள தொடர்பு அறுதற்கு வழி, யான் செய்கின்றேன் என்னும் தன்முனைப்பின்றி இறைபணியில் நிற்றலே என்பது சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரத்தின் கருத்து. அப்பெருநிலையை ஓர் உசிலம்பட்டி உழவர்மேல் ஏற்றிச் சொல்லுதல் மிகையாகும் என அஞ்சவேண்டியதே. அச்சூத்திரம் கூறுவது ஞானம் பெற்றோரது ஒழுக்கமாகலின். ஆனால் இறைபணி நிற்றல் என்பது புறத்தே எவ்வாறு தோன்றும் என்று கேட்கும் மாணவனுக்கு, தம் வழக்கை மறந்து பயிரை நினைக்கும் இம்முதியவரைச் சுட்டிக்காட்டுவதில் இழுக்கில்லை. மலையேறி மறைந்தவனை நோக்கிக் கண்கள் செல்ல, வரப்பில் நிற்பவரே நெஞ்சில் நிற்கின்றார். இயக்குநர் இதனை முற்றும் கருதியே செய்தாரோ, அம்முதியவரது இயல்பான முகமே அவ்வாறு செய்துவிட்டதோ, துணிதற்கில்லை.

மதுரைச் சீமையின் நெல்வயலைப் பற்றிய இக்கதை வடசென்னைக் கடற்கரைக்கு எவ்வாற்றான் இயையும் எனின், வயலிடத்து எழுந்த வினா கழிமுகத்திடத்தும் எழுதலின் என்க. திருவொற்றியூரைக் கடந்து வடக்கே சென்றால் எண்ணூரில், கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடத்தில், முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உளது. ஆற்றின் வாயில் அமைந்தமையே அதன் பெயர்க்காரணம். அதனைச் சூழ அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எண்ணெய்த் தொழிற்சாலைகளும் உள்ளன. மின்நிலையத்துச் சாம்பற் குழாய்களினின்று கசிந்த சாம்பல் ஆண்டாண்டாகக் கழியிற் படிந்து ஆழத்தைக் குறைத்துளது.

மருதநிலத்தார் முதல்நெல்லைத் தெய்வத்துக்குப் படைப்பதுபோல நெய்தல்நிலத்தார்க்கும் ஒரு நாயனார் வழிகாட்டியுள்ளார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிற் றோன்றிய அதிபத்த நாயனார், வலையில் வரும் முதல்மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவந்தார். வளங்குன்றி நாளொன்றுக்கு ஒரு மீனே அகப்பட்ட காலத்தும் அவ்வொன்றையே விட்டுப் பட்டினி கிடந்தார். பின்னர்ப் பொன்னும் மணியும் ஒளிரும் மீன் வந்தபொழுதும் அவர் கை தயங்கவில்லை. (எண்ணூருக்கு அணித்தாகிய அத்திப்பட்டு என்னும் ஊர்ப்பெயரை அதிபத்தரோடு இயைத்துக் கூறுதல் ஒலியொப்புமை ஒன்றே பற்றியதாம், அதற்கு நூற்சான்று இல்லை.) அதிபத்தர் வரலாற்றில் மீன் அருகிற்றேனும் கடல் கடலாகவே இருந்தது. நாளைக்கு வலைவீசும் நம்பிக்கை அவர்க்கு இருந்தது. வளம் குன்றுதல் வேறு. வளம் விளையும் இடமே கெடுதல் வேறு. முன்னது அன்பைச் சோதிப்பது. பின்னது அன்பு வெளிப்படுதற்குரிய பொருளையே இல்லாமற் செய்வது. சரியையும் கிரியையும் நீரும் பூவும் நெல்லும் கொண்டு நிகழ்வன. அவை விளையும் இடம் போயபின், அவ்விரு நெறியிலும் நிற்போர் எதனைக் கையில் ஏந்துவர் என்பதே மாயாண்டியின் ஊரார்க்கு இடி விழுந்த அன்று எழுந்த வினா.

முகத்துவாரக்குப்பத்தார்க்கு அவ்வினா 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுந்தது. மிக்சாங் புயலின் பெருவெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியினின்று வந்த எண்ணெய், கழியெங்கும் பரந்து படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் தாரெனத் திரண்டு ஒட்டிக்கொண்டது. மாயாண்டியின் பயிருக்கு நீர் பாய்ச்ச நடுவர் ஒரு காவலரை அனுப்பினார். எண்ணூர்க் கழியிலோ, மீன் பிடித்த கைகளே எண்ணெயையும் அள்ளின. அவ்வூர்களின் மீனவர்கள் தம் படகுகளிலேயே சென்று, வாளிகளாலும் குவளைகளாலும் அதனை முகந்து பீப்பாய்களில் நிரப்பினர்.